ஜெர்மனியில் குடியேறும் முதல் இரண்டு வாரங்கள்

ஜெர்மனியில் ஒரு வீட்டில் குடியேறுபவர், இரண்டு வாரங்களுக்குள் உள்ளூர் அலுவலகத்தில் தம் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். ‘அன்மெல்டுங்’ எனப்படும் இப்பதிவுக்கு வீட்டு உரிமையாளர் கையொப்பமிட்ட உறுதிப் படிவம் தேவைப்படுவதால், சாவியைப் பெறும்போதே அதையும் கேட்டு வாங்கிவிடுங்கள். வாடகை ஒப்பந்தம் மட்டும் அதற்கு ஈடாகாது. பெருநகரங்களில் சந்திப்பு நேரம் எளிதில் கிடைக்காது என்பதால், இணையத்தில் முன்கூட்டியே பதிந்து வைப்பது நல்லது. வங்கிக் கணக்கு தொடங்கவும் இந்தப் பதிவுச் சான்றைப் பெரும்பாலும் கேட்பார்கள். சம்பளத்துக்கு வேண்டிய வரி எண்ணோ பதிவுக்குப் பிறகு அஞ்சலில்தான் வரும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கதவு எண்ணைவிட அஞ்சல் பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்தே கடிதம் இடுவதால், வந்த முதல் நாளே உங்கள் பெயரை அதில் ஒட்டிவிடுங்கள். பலர் தவறவிடும் சிறிய வேலை இதுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய ரயில் நிலையக் கடைகள் போன்ற சில தவிர மற்றவை மூடியிருக்கும். ஆகவே அரிசி, பால், காய்கறிகளைச் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும். ஞாயிறு முழுவதும் அமைதி காப்பதும் அங்கு வழக்கம் என்பதால், சுவரில் துளையிடுவதை மட்டுமல்லாமல், இட்லிக்கு மாவரைப்பதையும் முந்தைய நாளே முடித்துக்கொண்டால் அண்டை வீட்டாரின் முகச்சுளிப்பைத் தவிர்க்கலாம். காலியான பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளை எறியாதீர்கள். பெரும்பாலானவற்றுக்கு 25 சென்ட் முன்பணம் கடை இயந்திரத்தில் திரும்பக் கிடைக்கும்.