சிறுநீர் அடைப்பிலிருந்து மீளும் பூனைக்கு என்ன கொடுக்கலாம்?

கதீட்டர் (சிறுநீரை வெளியேற்ற வைக்கும் குழாய்) எடுத்து வீட்டுக்கு வந்த ஆண் பூனைக்கு மருந்துக்கு அடுத்தபடி முக்கியம் தண்ணீர்தான். உலர் தீனியில் ஈரம் சுமார் 10 சதவீதம். டின், பவுச் உணவில் 75 சதவீதத்துக்கும் மேல். அதனால் ஈர உணவுக்கு மாற்றிவிடுங்கள். அதிலும் இரண்டு ஸ்பூன் வெதுவெதுப்பான நீர் கலந்தால் வாசனை எழும்பும், சோர்ந்த பூனையும் நக்க ஆரம்பிக்கும்.

டாக்டர் சிறுநீர்ப் பாதைக்கான தனி உணவு எழுதிக் கொடுத்திருந்தால் அதை மட்டும் கொடுங்கள். சிறுநீரில் உருவாகி அடைக்கும் படிகங்களில் ஸ்ட்ரூவைட் வகையை அந்த உணவு கரைக்கும். கால்சியம் ஆக்சலேட் வகை கரையாது. ஆகவே எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாவம் என்று நடுவில் கருவாடு, பால் வைக்காதீர்கள்.

கோழி வேகவைத்த நீர் பிடிக்கும் என்றால், டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கொஞ்சம் தரலாம். உப்பு, வெங்காயம், பூண்டு கூடவே கூடாது. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் டாக்டரைக் கூப்பிடுங்கள், பட்டினி பூனையின் ஈரலைப் பாதிக்கும்.

மணல் தட்டைத் தினமும் பாருங்கள். முக்கியும் சிறுநீர் வரவில்லை, வாந்தி எடுக்கிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த இரவிலேயே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.