வெளிநாட்டில் படிக்கப் போகிறீர்களா? பட்ஜெட்டை மாதம் மாதமாகப் போடுங்கள்

கல்விக் கட்டணம் இவ்வளவு, தங்கவும் சாப்பிடவும் இவ்வளவு என்று இரண்டு எண்களைக் கூட்டி, அதுதான் ஒரு வருடச் செலவு என்று பலரும் எழுதி வைத்துக்கொள்கிறார்கள். கூட்டல் சரியாகத்தான் இருக்கும், ஆனால் பணம் அப்படிச் சீராகப் போவதில்லை. முதல் மூன்று நான்கு மாதங்களில் மொத்தமாகக் கரைந்துவிட்டு அப்புறம்தான் நிதானத்துக்கு வரும். அதனால் ஒரு எக்செல் ஷீட்டில், விண்ணப்பம் போடும் மாதத்திலிருந்து படிப்பு முடியும் மாதம் வரை வரிசையாக எழுதி, ஒவ்வொரு செலவையும் அது எந்த மாதம் கையை விட்டுப் போகிறதோ அங்கே போடுங்கள். அந்தந்த மாதத்துக்கான பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கீழேயே எழுதுங்கள். ஏதாவது ஒரு மாதத்தில் பணம் மைனஸில் போனால், வருட மொத்தம் சரியாக இருந்தும் பயனில்லை.

முதலில் விமானம் ஏறுவதற்கு முன்னாலேயே போகும் பணம். விண்ணப்பக் கட்டணம், மொழித் தேர்வு, விசா, மருத்துவப் பரிசோதனை, டிக்கெட் எல்லாம் இதில் வரும். அமெரிக்காவுக்குப் போகிறவர் விசா கட்டணம் போக, வெளிநாட்டு மாணவர்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்புக்கான செவிஸ் கட்டணம் என்று 350 டாலர் தனியாகக் கட்ட வேண்டும். பிரிட்டனில் மாணவர்களுக்குச் சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு, அதையும் விசா காலம் முழுவதற்கும் சேர்த்து விண்ணப்பிக்கும்போதே கேட்பார்கள். ஒரு வருட முதுகலைக்குக்கூட விசா அதைவிடச் சில மாதங்கள் கூடுதலாகக் கிடைப்பதால், அரை வருடக் கட்டணமும் சேர்ந்து அது 1,164 பவுண்டு ஆகிவிடுகிறது. இந்தத் தொகைகள் அடிக்கடி மாறுபவை, கட்டுகிற வாரத்தில் அந்த நாட்டு அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடுத்தது, விசாவுக்குக் காட்டும் பணம், அதாவது அங்கே செலவுக்குக் கையில் பணம் இருக்கிறது என்று நிரூபிக்கும் தொகை. அதையே பட்ஜெட் என்று நினைப்பதுதான் மிகப் பெரிய தவறு என்பேன். ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம். அங்கே பிளாக்டு அக்கவுண்டில் ஓராண்டுக்கு 11,904 யூரோ போட வேண்டும், அதிலிருந்து மாதம் 992 யூரோதான் வெளியே வரும். இப்போது 500 யூரோ வாடகைக்கு ஓர் அறை கிடைக்கிறது என்று வையுங்கள். டெபாசிட்டாக மூன்று மாத வாடகை வரை, அதாவது ஹீட்டிங் போன்ற செலவுகள் சேராத அடிப்படை வாடகையில் மூன்று மடங்கு வரை, வீட்டுக்காரர் கேட்கலாம். அதை மூன்று தவணையாகக் கட்டும் உரிமையைச் சட்டமே தருகிறது, பலருக்கு இது தெரிவதில்லை. ஆனால் தவணையில் கட்டினாலும் முதல் மாதம் வாடகை 500, டெபாசிட் 500 என்று ஆயிரம் போய்விடும். சாப்பாட்டைத் தொடுவதற்கு முன்பே எட்டு யூரோ குறைகிறது! மெத்தை, குளிருக்கு ஜாக்கெட், சிம், பல்கலைக்கழக செமஸ்டர் கட்டணம் எல்லாம் இன்னும் பாக்கி. எந்த நாட்டுக்குப் போனாலும் காட்டும் பணத்துக்கு வெளியே குறைந்தது இரண்டு மாதச் செலவைத் தனியாக வைத்திருங்கள். பிரிட்டன் விசாவுக்குக் காட்டும் தொகை தொடர்ந்து 28 நாள் குறையாமல் கணக்கில் இருக்க வேண்டும், ஆகவே டிக்கெட்டுக்கு அதிலிருந்து எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

பார்ட் டைம் வேலை வருமானத்தை முதல் மூன்று மாதங்களுக்குப் பூஜ்யம் என்றே போடுங்கள். வேலை கிடைக்கவும், வங்கிக் கணக்கும் வரி எண்ணும் கைக்கு வரவும், முதல் சம்பளம் வரவும் அவ்வளவு நாள் ஆகிவிடும். வரம்பும் உண்டு: வகுப்பு நடக்கும் காலத்தில் பிரிட்டனில் பட்டப் படிப்பு மாணவருக்கு வாரம் 20 மணி நேரம், ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். அமெரிக்காவில் முதல் கல்வியாண்டில் வளாகத்துக்கு வெளியே வேலையே பார்க்க முடியாது. வரம்பை மீறினால் விசாவுக்கே ஆபத்து. கல்விக் கட்டணத்தை இந்த வருமானத்தில் கட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எக்ஸ்சேஞ்ச் ரேட்டை இன்றைய விலையில் போடாமல் பத்து சதவீதம் மோசமாக வைத்தே கணக்குப் போடுங்கள், இரண்டாம் ஆண்டுக் கட்டணத்துக்கு இது கட்டாயம். அந்தக் கட்டணம் உயருமா என்பதைச் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். ஸ்காலர்ஷிப் கிடைத்திருந்தால், அது கையில் வரும் பணமா, கட்டணத்தில் கழியும் தள்ளுபடியா, எந்தத் தேதியில் என்று எழுத்தில் வாங்குங்கள். பணம் அனுப்பும்போது இடையில் உள்ள வங்கிகளும் கமிஷன் பிடிப்பதுண்டு. கட்டணத்தில் பத்து டாலர் குறைந்தாலும் பாக்கி என்றே காட்டும், முழுத் தொகையும் போய்ச் சேரும்படி அனுப்பச் சொல்லுங்கள்.

சரி, கடைசி மாதங்களையும் ஷீட்டில் விட்டுவிடாதீர்கள். படிப்பு முடிந்து வேலை தேடும் காலத்துக்கு வாடகை வேண்டும், புதிய விசாவுக்குக் கட்டணம் வேண்டும். வீட்டு டெபாசிட்டோ அறையைக் காலி செய்து சாவியைக் கொடுத்த பிறகுதான் திரும்பும், சில சமயம் மாதக்கணக்கில் இழுக்கும். அதைக் கடைசி மாத வரவாகப் போடாதீர்கள், அது வந்து சேரும்வரை அங்குள்ள வங்கிக் கணக்கையும் மூடாதீர்கள்.