பழைய டெல்லியை நடந்து பார்க்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பெரும்பாலானவர்கள் செங்கோட்டையில் தொடங்குகிறார்கள். அங்கேயே கால் ஓய்ந்துவிடும். அப்புறம் கோட்டைக்கு எதிரே நீளும் சாந்தினி சௌக் கடைத்தெருவை ரிக்‌ஷாவில் உட்கார்ந்தபடி பார்த்துவிட்டு, பழைய டெல்லியைப் பார்த்தாகிவிட்டது என்று திரும்பிவிடுவார்கள். ஷாஜகான் 1639-ல் தொடங்கி 1648-ல் குடியேறிய ஷாஜகானாபாத் நகரம்தான் இன்றைய பழைய டெல்லி. அது கோட்டைக்கு வெளியே சந்துகளில்தான் இன்னும் உயிரோடு இருக்கிறது. கோட்டையை வேறொரு நாள் பாருங்கள். திங்கள்கிழமை அதற்கு விடுமுறை. நடையைச் சாந்தினி சௌக்கின் எதிர்முனையில், ஃபதேபுரி மசூதியில் தொடங்குங்கள். பக்கத்திலேயே காரி பாவ்லி, மசாலா மொத்தச் சந்தை. மிளகாய் மூட்டைகளைத் தாண்டும்போது இருமல் வரும், கைக்குட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தவறு, கைபேசி வரைபடத்தை மட்டும் நம்பிச் சந்துக்குள் நுழைவது. இங்கே தெருப் பெயரே வழி சொல்லும். 'கலீ' என்றால் சந்து. 'கட்ரா' என்றால் ஒரே வாசல் வைத்த வியாபாரிகளின் முற்றம். பெரும்பாலும் வந்த வழியேதான் திரும்ப வேண்டும். இந்தப் பெயர்களைத் தெரிந்துகொண்டு நடப்பதில் இருக்கும் சுகமே தனி. பல்லிமாரான் படகோட்டிகளின் பெயரைத் தாங்கிய தெரு. அதிலிருந்து பிரியும் கலீ காசிம் ஜானில்தான் உருதுக் கவிஞர் காலிப் கடைசிக் காலத்தில் வாழ்ந்த வீடு இருக்கிறது.

கினாரி பஜாரில் நௌகரா என்ற சின்னச் சந்து இருக்கிறது, தவறவிடாதீர்கள். பெயருக்கேற்ப ஒன்பது வீடுகள், வாசல் நிலைகளைச் சுற்றிப் பூவும் கொடியுமாகத் தீட்டிய வண்ணங்கள். ஆனால் அங்கே குடும்பங்கள் வாழ்கின்றன. கேட்காமல் வாசலில் நின்று படம் எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஞாயிறு கடைகள் அடைத்திருக்கும், போகாதீர்கள் என்பார்கள். வாங்கப் போகிறவர்களுக்கு அது சரி. வீடுகளைப் பார்க்க வந்தவர்கள் ஞாயிறு காலையில்தான் போக வேண்டும். கூட்டம் இடிக்காது, நிதானமாக நின்று மாடி ஜன்னல்களை அண்ணாந்து பார்க்கலாம்.

சாந்தினி சௌக் பிரதான சாலையில் காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வண்டிகளுக்குத் தடை. அதே நினைப்பில் சந்துக்குள் அசட்டையாக நடக்காதீர்கள், பைக்கும் கைவண்டியும் முதுகுக்குப் பின்னால் வரும்.

ஜும்மா மசூதியைக் கடைசியில் வைத்துக்கொண்டால், தொழுகை நேரத்தை முன்பே விசாரித்துவிடுங்கள். அந்த நேரத்தில் பார்வையாளர்களை உள்ளே விடமாட்டார்கள், வெள்ளி மதியம் போகவே வேண்டாம். கையும் காலும் மறையும் உடை வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு வெயிலில் சுட்ட கல் முற்றத்தில் நடக்க வேண்டியிருக்கும், ஒரு ஜோடி காலுறை பையில் இருக்கட்டும்.