சியாட்டில் குளிர்ல ஒரு நாள் பூரா சும்மா கடை சுத்தறது எப்படி

சியாட்டில்னா குளிர்காலத்துல பனி கொட்டோ கொட்டுன்னு கொட்டும்னு ஊர்ல நினைச்சுக்கறாங்க, பனி எல்லாம் ஏதோ எப்பவாவது தான், மத்தபடி தூறல், தூறல், திரும்ப தூறல். டிசம்பர்ல காலைல எட்டு மணிக்கு தான் வெளிச்சமே வரும், சாயங்காலம் நாலு இருபதுக்கெல்லாம் சூரியன் கெளம்பிடும். வீட்டுக்குள்ளயே கெடந்தா மனுஷனுக்கு ஒரு மாதிரி ஆயிடும், அதனால இந்த மாசங்கள்ல ஒரு நாள் டவுன்டவுன் போய் கடை கடையா வேடிக்கை பாத்துட்டு கடைசில உவாஜிமாயாங்கற ஜப்பானிய மளிகைக் கடைல காய்கறி மீன் வாங்கிட்டு வர்றது நல்ல வைத்தியம். சும்மா சுத்தறதுக்கு எதுக்கு கைடுன்னு கேப்பீங்க. சும்மா சுத்தணும்னா தான் சில விஷயம் முன்னாடியே முடிவு பண்ணிக்கணும், இல்லன்னா பாதி நாள் பார்க்கிங் தேடியே போயிடும், மீதி நாள் அரிசி மூட்டையத் தூக்கிட்டு மேடு ஏறியே போயிடும்.

முதல் முடிவு எந்த நாள்ங்கறது. முடிஞ்சா வார நாள்ல லீவு போடுங்க. சனி ஞாயிறு தான் முடியும்னா அன்னைக்கு சீஹாக்ஸ் (இந்த ஊர் அமெரிக்கன் ஃபுட்பால் டீம்) மேட்ச் லோக்கல்ல இருக்கான்னு ஒரு தடவை பாத்துக்கோங்க, ஏன்னா ஸ்டேடியம் இருக்கறது நாம கடைசியா போகப்போற ஏரியாவுக்குப் பக்கத்துலயே, மேட்ச் அன்னைக்கு ட்ரெயின்ல கால் வெக்க எடம் இருக்காது.

ரெண்டாவது, கார் வேண்டாம். வடக்குப் பக்கம் இருக்கறவங்க நார்த்கேட்ல வண்டிய விட்டுட்டு லிங்க் ட்ரெயின் புடிச்சா நேரா வெஸ்ட்லேக்ல எறங்கிடலாம். எங்க ஏறி எங்க எறங்கினாலும் பெரியவங்களுக்கு 3 டாலர் தான், 18 வயசு வரைக்கும் பசங்களுக்கு ஃப்ரீ. ஆர்காங்கற ட்ரெயின் பஸ் கார்டத் தட்டினா ரெண்டு மணி நேரத்துக்குள்ள மாறி ஏறற பஸ்ஸுக்கும் அந்தக் காசையே கழிச்சுக்குவாங்க.

குடை எடுக்காதீங்க. இந்த ஊர் ஆளுங்க குடை புடிக்க மாட்டாங்கன்னு சொல்றது பந்தாவுக்கு இல்ல, இங்க பெய்யறது குடைக்கு அடங்கற மழையே இல்ல, காத்துல பறந்து மூஞ்சில அடிக்கற பொடித் தூறல். தொப்பி வெச்ச ரெயின் ஜாக்கெட், வழுக்காத ஷூ, முதுகுல ஒரு காலிப் பை, அதுக்குள்ள மடிச்சு ரெண்டு துணிப்பை, ஒரு சின்ன ஐஸ் பை. இவ்ளோ தான். ஜாக்கெட்டுக்கு உள்ள தடி ஸ்வெட்டர் போட்டுட்டு போயிடாதீங்க, ஒவ்வொரு கடைக்குள்ளயும் ஹீட்டர் போட்டு வெச்சிருப்பான், நுழைஞ்ச பத்தாவது நிமிஷம் வேர்க்க ஆரம்பிச்சுடும்.

காலைல பைக் ப்ளேஸ் மார்க்கெட். 1907ல இருந்து நடக்கற சந்தை, சம்மர்ல போனா டூரிஸ்ட் கூட்டத்துல முதுகத் தவிர ஒண்ணும் தெரியாது, குளிர்காலத்துல தான் அது சந்தையா இருக்கும். ஒன்பது ஒன்பதரைக்கெல்லாம் போயிட்டா கடைக்காரங்க ஐஸ் கொட்டி மீன அடுக்கிட்டு இருக்கறத நிதானமா நின்னு பாக்கலாம். மீன தூக்கி எறிஞ்சு புடிக்கற கடை முன்னாடி வெண்கலப் பன்னி ஒண்ணு நிக்கும், பேரு ரேச்சல், 1986ல இருந்து அங்க இருக்கற உண்டியல் அது. கூட பசங்க இருந்தா சில்லறை கொடுத்து போடச் சொல்லுங்க, மார்க்கெட்டச் சேர்ந்த ஏழைங்களுக்கான உதவிகளுக்குத் தான் அந்தக் காசு போகுது. பைக் ப்ளேஸ் தெருவுல இருக்கற பழைய ஸ்டார்பக்ஸ் வாசல்ல க்யூ நின்னுச்சுன்னா திரும்பிக் கூட பாக்காதீங்க, உள்ள கெடைக்கறது அதே காபி தான், அதுவும் 1971ல முதல்முதலா கடை தொறந்த எடம் அது இல்ல, அது வெஸ்டர்ன் அவென்யூல இருந்துச்சு, 76ல தான் இங்க மாத்தினாங்க.

அந்த நேரத்த மார்க்கெட்ஸ்பைஸ் கடைல செலவு பண்ணுங்க. உள்ள காலு வெச்சதுமே பட்டை கிராம்பு வாசம் தூக்கும், நம்ம ஊர் நாட்டு மருந்துக் கடை வாசல்ல நிக்கற மாதிரியே இருக்கும். பட்டையும் ஆரஞ்சும் போட்ட டீ தான் அவங்க ஸ்பெஷல், சின்ன கப்புல ஊத்தித் தருவாங்க, சக்கரையே போடாம தித்திக்கும், குடிச்சுப் பாத்தாத் தான் நம்புவீங்க. பால் ஊத்தி ட்ரை பண்ணாதீங்க, ஒத்து வராது. அடுத்து பீச்சர்ஸ் சீஸ் கடை, உள்ள போய் வாங்கணும்னு கூட இல்ல, ஜன்னல் கண்ணாடி வழியாவே பெரிய தொட்டில பால் திரிஞ்சு கட்டி கட்டியா மாறறதையும், ரெண்டு பேர் கையுறை போட்டுட்டு அத வாரி வாரிப் போடறதையும் பாத்துட்டு நிக்கலாம், நேரம் போறதே தெரியாது.

நிறைய பேர் மேல் தளத்தோட திரும்பிடறாங்க. கீழ டவுன் அண்டர்னு சொல்ற அடுக்குகள்ல தான் வேடிக்கையே இருக்கு, மேஜிக் சாமான் விக்கற கடை, பழைய காமிக்ஸ் கடை, பழைய போஸ்டர், பாசி மணி எல்லாம். மழை நாளைக்குன்னே கட்டினது மாதிரி எல்லாமே கூரைக்குக் கீழ. இங்க ஒரு ரூல் வெச்சுக்கோங்க, மதியம் வரைக்கும் சட்டைப் பைக்குள்ள அடங்கற சாமான் மட்டும் தான் வாங்கணும். டீத்தூள் ஓகே, ஜாம் பாட்டில் வேண்டாம். ஏன்னா அடுத்தது மேடு.

சியாட்டில் மேட்டுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கு, சென்ட்ரல் லைப்ரரி. 2004ல தொறந்த கண்ணாடிக் கட்டடம், ரெம் கூல்ஹாஸ் டிசைன், கீழ் வாசல் நாலாவது அவென்யூல, மேல் வாசல் அஞ்சாவது அவென்யூல. கீழ நுழைஞ்சு எஸ்கலேட்டர் புடிச்சு மேல் வாசல் வழியா வெளிய வந்தா அந்த செங்குத்து மேட்ட நீங்க ஏறவே வேண்டாம், நனையாமயும் போயிடலாம். கார்டு எல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க. நடுவுல நாலாவது தளத்துல எறங்கிப் பாருங்க, சுவரு தரை எல்லாம் ரத்தச் சிவப்பு, பத்தாவது தளத்துல நின்னா கட்டடத்தோட உள்பக்கம் பூரா கீழ வரைக்கும் தெரியும், தலை சுத்தற ஆளுங்க எட்டிப் பாக்காதீங்க. பாத்ரூம் வேலையும் இங்கயே முடிச்சுடுங்க, டவுன்டவுன்ல பல கடைல ஏதாவது வாங்கினாத் தான் உள்ள விடுவான்.

அங்கேர்ந்து அஞ்சாவது அவென்யூலயே தெக்கால எறக்கத்துல நடந்தா ஜாக்சன் தெரு, இன்டர்நேஷனல் டிஸ்ட்ரிக்ட். நடக்க முடியலன்னா சிம்ஃபனி ஸ்டேஷன்ல ஏறி ரெண்டாவது ஸ்டாப்ல எறங்கிக்கலாம். இந்தப் பக்கம் பழைய ஜப்பான் டவுன். பனாமா ஹோட்டல்னு ஒண்ணு இருக்கு, 1910ல கட்டினது, ரெண்டாம் உலகப் போர் சமயத்துல, 1942ல, அமெரிக்க அரசாங்கம் இங்க இருந்த ஜப்பானியக் குடும்பங்கள எல்லாம் முகாமுக்கு அனுப்பினப்போ அவங்க விட்டுட்டுப் போன பெட்டி படுக்கை எல்லாம் அந்த பேஸ்மென்ட்ல இருந்துச்சு, நிறைய பேர் திரும்பி வந்து எடுக்கவே இல்ல. இத ஏன் சொல்றேன்னா, அடுத்து போற உவாஜிமாயாவும் அதே கதைல வந்தது தான். ஃபுஜிமாட்சு மொரிகுச்சின்னு ஒருத்தர், 1928ல பக்கத்து ஊரான டகோமால, ஜப்பானியக் கூலி ஆளுங்களுக்கு லாரில வெச்சு மீன் கேக் வித்து ஆரம்பிச்ச வியாபாரம் அது, போர் சமயத்துல குடும்பத்தோட டூலி லேக் முகாம்ல அடைச்சுட்டாங்க, வெளிய வந்ததும் சியாட்டில்ல புதுசா கடை போட்டாரு. உவாஜிமாயாங்கற பேர்ல இருக்கற உவாஜிமா ஜப்பான்ல இருக்கற ஊரு.

கடைக்குள்ள பசியோட போகாதீங்க. முதல்ல சாப்டுங்க, சுத்தி ஃபோ (வியட்நாம் நூடுல்ஸ் சூப்பு), நூடுல்ஸ்னு சூடா நிறைய கெடைக்கும், உவாஜிமாயாக்குள்ளயே ஃபுட் கோர்ட் இருக்கு. சைவக்காரங்க ஒண்ணு கவனிக்கணும், காய்கறி நூடுல்ஸ்னு போட்டிருந்தாலும் சூப்பு மீன் சூப்பா இருக்கும், கேட்டுட்டு வாங்குங்க. பாக்கெட் வாங்கும்போது பின்னாடி போனிட்டோன்னு இருந்தா அது காஞ்ச மீன், கிம்ச்சிங்கற கொரியன் ஊறுகாய்லயும் பெரும்பாலும் மீன் சாஸ் இருக்கும்.

சாப்ட்டு முடிச்சுட்டு நேரா கினோகுனியாங்கற ஜப்பானிய புக் கடை, அதுவும் அதே கட்டடம் தான். புக் வாங்கலன்னாலும் பேனா செக்ஷன்ல கிறுக்கிப் பாக்க பேப்பர் வெச்சிருப்பாங்க, முன்னாடி வந்தவன் எல்லாம் பூனை வரைஞ்சு வெச்சிருப்பான், நீங்க உங்க பங்குக்கு ஒரு "அ" எழுதிட்டு வாங்க.

இப்ப மளிகை. லிஸ்ட் எழுதிட்டு வந்திருந்தா அத பாக்கெட்லயே வெச்சுட்டு ஒரு ரவுண்டு கூடை இல்லாம சுத்துங்க, ரெண்டாவது ரவுண்டுல எடுங்க. கறிவேப்பிலைக்கும் தோசை அரிசிக்கும் நம்ம இந்தியன் ஸ்டோர் இருக்கு, இங்க வர்றது வேற விஷயத்துக்கு. பாகற்காய் வெளிர் பச்சையா வழுவழுன்னு இருக்கும், நம்ம ஊரு காய் அளவுக்கு கசக்காது, பிட்லை வெச்சா ருசி கொஞ்சம் சப்புன்னு தான் இருக்கும், வறுவலுக்கு ஓகே. சதோய்மோன்னு போட்டு வெச்சிருக்கறது சேப்பங்கிழங்கு ஜாதி தான், ரோஸ்ட் பண்ணா பிரமாதம்.

குளிர்கால ஸ்பெஷல் பர்சிமன் பழம், இதுல ஏமாறாம இருக்கணும். தக்காளி மாதிரி தட்டையா இருக்கறது ஃபுயு, கெட்டியா இருக்கும்போதே கடிச்சு சாப்டலாம். அடி கூம்பிப் போய் நீளமா இருக்கறது ஹச்சியா, அது கொழகொழன்னு பழுத்தா தான் வாயில வெக்க முடியும், காயா கடிச்சீங்கன்னா நாக்கு, ஈறு, கன்னம் எல்லாம் வரண்டு இழுத்துப் புடிச்சுக்கும், தண்ணி குடிச்சாலும் போகாது. கூடவே சட்சுமா ஆரஞ்சு, டிசம்பர்ல தான் நல்லா இருக்கும், தோல் தொளதொளன்னு கழண்டு வர்றதா பாத்து எடுங்க.

அரிசி மாவுல நிறைய பேர் மாட்டிக்கறாங்க. தாய்லாந்துல இருந்து வர்ற மூணு யானைத் தலை போட்ட பாக்கெட்டுல செவப்பு எழுத்து சாதா அரிசி மாவு, பச்சை எழுத்து ஒட்டற அரிசி மாவு, நீலம் மரவள்ளி மாவு. இடியாப்பம் கொழுக்கட்டைக்கு செவப்பு. பச்சைய எடுத்து இடியாப்பம் புழிஞ்சா அச்சும் மாவும் பிரியவே பிரியாது.

பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னாடி இந்த சுத்து சுத்தறீங்கன்னா, ஜாக்சன் தெருவுலயே மேல போய் 12வது அவென்யூ கிட்ட இருக்கற வியட்நாம் கடைங்களையும் ஒரு எட்டு பாத்துடுங்க. பச்சை மஞ்சள் கெழங்கு, ஃப்ரீஸர்ல வாழை இலை, அதிர்ஷ்டம் இருந்தா துண்டு கரும்பு. மஞ்சள் கொத்து இலையோட கெடைக்காது, கெழங்க நூல்ல கட்டி பானைல சுத்த வேண்டியது தான்.

மீன் கடைசி, பில் போடறதுக்கு சரியா முன்னாடி. கவுன்ட்டர்ல கண்ணு தெளிவா இருக்கற முழு மீனா பாத்துக் காட்டினா செதில் எடுத்து குடல் நீக்கித் தருவாங்க, கேக்க கூச்சப்படாதீங்க, தலைய எடுக்க வேண்டாம்னு மட்டும் தனியா சொல்லிடுங்க, சொல்லலன்னா கொழம்புத் தலை குப்பைக்குப் போயிடும். சபான்னு போட்டிருக்கறது நம்ம அயிலை வகை தான், பொரிக்கறதுக்கும் புளிக் கொழம்புக்கும் ரெண்டுக்கும் ஒத்து வரும். சமைக்காத மளிகைக்கு வாஷிங்டன்ல சேல்ஸ் டாக்ஸ் இல்ல, ஆனா அங்கயே சூடா வாங்கற சாப்பாட்டுக்கு உண்டு, பில்லப் பாத்துட்டு குழம்பாதீங்க.

மீன ஐஸ் பைல போட்டு முதுகுப் பைக்குள்ள அடில வெச்சுடுங்க, பழம் மேல. ஸ்டேஷன் ரெண்டு மூணு நிமிஷ நடை தான். நாலு மணிக்கு முன்னாடி ஏறிட்டா ஒக்கார எடம் கெடைக்கும், அஞ்சு மணின்னா ஆஃபீஸ் கூட்டத்துக்கு நடுவுல நின்னுட்டு தான் வரணும், மீன் வாசம் அவங்களுக்கும் அடிக்கும். வீட்டுக்குப் போனதும் மசாலாவ தடவி வெச்சுட்டு அப்புறமா ஜாக்கெட்டக் காயப் போடுங்க.