பிரெஞ்சுக்காரர் கதைக்கிறத சொல் சொல்லா பிரிக்காதேங்கோ

புதுசா பாரிசுக்கு வந்து லா ஷப்பல் பக்கம் அறை எடுத்து, ரெஸ்டோரண்ட் குசினியில வேலைக்குப் போற தம்பி தங்கச்சியளுக்குத்தான் இத எழுதுறன். வகுப்பில வினைச்சொல் எல்லாம் பாடமாக்கியிருப்பியள், ஆனா வேலையில நிண்டா ஒண்டும் பிடிபடாது, ஏனெண்டா அவங்கள் கதைக்கிறதில கனக்க மரபுத்தொடர். எங்கட "காது குத்தாத" மாதிரித்தான், பிரிச்சா அர்த்தம் போயிடும்.

முதல்ல "ஷோ தெவான்". பிரிச்சா "சூடு முன்னால". நான் வேலைக்குப் போன ரெண்டாம் நாள் பின்னால ஒருத்தன் இப்பிடிக் கத்தினான், முன்னுக்கு இருக்கிற அடுப்பைச் சொல்லுறான் எண்டு நினைச்சு அசையாம நிண்டன், சட்டி முழங்கையில பட்டு தோல் உரிஞ்சு போச்சு. "சூடான சாமானோட வாறன், விலத்து" எண்டுதான் அர்த்தம். கேட்ட உடன ஒதுங்குங்கோ, திரும்பிப் பார்த்துக்கொண்டு நிக்க வேண்டாம்.

"சா மார்ஷ்" எண்டா "நடக்குது" இல்ல, "சரி" எண்டு. அவ்வளவுதான்.

"கென்ஸ் ஜூர்" இருக்கே, இதில கவனம். சொல்லுக்கு 15 நாள், ஆனா அவங்கள் நினைக்கிறது ரெண்டு கிழமை. செவ்வாய்க்கிழமை நிண்டு "தான் கென்ஸ் ஜூர்" வா எண்டா வாற செவ்வாய்க்கு அடுத்த செவ்வாய்தான், விரல் விட்டு 15 எண்ணி புதன்கிழமை போய் நிக்காதேங்கோ. "உயி ஜூர்" எண்டா 8 நாள் இல்ல, ஒரு கிழமை. தொடங்கிற நாளையும் முடியிற நாளையும் சேர்த்து எண்ணுற பழைய பழக்கம் அது.

ஆஸ்பத்திரியில "தோம்பே தான் லே போம்" எண்டு கேட்டா, ஆப்பிளுக்குள்ள விழுந்ததோ எண்டு குழம்ப வேண்டாம், மயங்கி விழுந்தனீங்களோ எண்டுதான் கேக்கினம். 15க்கு போன் அடிச்சு ஆம்புலன்ஸ் கூப்பிடேக்க நீங்களும் அப்பிடியே சொல்லலாம், விளங்கும்.

"பா தெரிப்ள்" எண்டா "பயங்கரமில்ல" எண்டு சந்தோசப்படாதேங்கோ, "அவ்வளவு நல்லா இல்ல" எண்டு அர்த்தம். "பா மால்" எண்டா பாராட்டு.

விளங்காட்டி தலையாட்ட வேண்டாம், "சா வெ தீர் குவா?" எண்டு அந்த இடத்திலயே கேளுங்கோ, கூட வேலை செய்யிற ஆக்கள் பெரும்பாலும் ஆசையா சொல்லித் தருவினம். அண்டைக்குக் கேட்டத போன்ல தமிழ் எழுத்திலயே குறிச்சு வையுங்கோ, ஆர் ஆருக்குச் சொன்னது எண்டதையும் சேர்த்து. அது முக்கியம், ஏனெண்டா "ஜோன் எ மார்" எண்டு, எனக்கு வெறுத்துப் போச்சு எண்டு கூட்டாளிக்குச் சொல்லலாம், பத்ரோனுக்கு, அதாவது முதலாளிக்குச் சொல்லக்கூடாது, "ஜ மான் ஃபூ", எனக்கு அதப்பற்றிக் கவலையில்ல எண்டு முரட்டுத்தனமா சொல்லுறது, விசா அலுவல் பாக்கிற அரசாங்க கந்தோரான பிரெஃபெக்ச்சர் கவுண்டர் பக்கமே வாயில வரக்கூடாது.