எந்த லாட், எந்த நாடு, எந்த அலகு: உணவு அவசரநிலையில் தகவல் பகிரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2011 மே மாதம் வட ஜெர்மனியில் இரத்தக் கழிச்சலோடும் சிறுநீரகச் செயலிழப்போடும் ஆட்கள் மருத்துவமனைக்கு வந்துகொண்டே இருந்தார்கள். மே 26 அன்று ஹாம்பர்க் நகர அதிகாரிகள், ஸ்பெயினிலிருந்து வந்த வெள்ளரிக்காயில் ஈ.கோலை கிருமி இருப்பதாக அறிவித்தார்கள். ஐந்தே நாளில் உண்மை தெரிந்தது. வெள்ளரிக்காயில் இருந்த கிருமி வேறு. நோயாளிகளின் உடலில் இருந்த ஓ104:எச்4 வகை வேறு. அதற்குள் ஸ்பெயின் விவசாயிகளின் காய்கறி வாங்க ஆளில்லாமல் குப்பைக்குப் போனது. ஜூன் 2 அன்று ரஷ்யா ஐரோப்பிய ஒன்றியத்துக் காய்கறி அனைத்துக்கும் தடை போட்டது. கடைசியில் தடம் போய் நின்ற இடம் எகிப்திலிருந்து வந்த வெந்தயம். அதை முளைகட்டி, பச்சையாகச் சாலட்டில் போட்டிருந்தார்கள். 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

எல்லை தாண்டும் உணவுப் பிரச்சினைகளில் தகவல் தாமதமாகப் போவதும் நடக்கிறது, அரைவேக்காட்டுத் தகவல் முந்திக்கொண்டு போவதும் நடக்கிறது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: உறுதியானது எது, சந்தேகம் எது என்று தனித்தனியாக எழுதாமல் விடுவது. அப்படி எழுதத் தெரிந்தவர் முதல் நாளே தகவல் அனுப்பலாம், யாருக்கும் அநியாயம் செய்யாமலும் இருக்கலாம்.

"முழுசாகத் தெரியட்டும்" என்று காத்திருப்பது

2017-இல் ஐரோப்பாவில் கோழிப்பண்ணைகளில் பேன் ஒழிக்க அடித்த மருந்தில் ஃபிப்ரோனில் கலந்திருந்தது. உணவுக்கான விலங்குகளிடம் பயன்படுத்தவே கூடாத பூச்சிக்கொல்லி அது. பெல்ஜியம் அதிகாரிகளுக்கு ஜூன் தொடக்கத்திலேயே விஷயம் தெரியும். ஐரோப்பிய விரைவு எச்சரிக்கை அமைப்பான ராஸ்ஃபுக்குத் தகவல் போனதோ ஜூலை 20 அன்று. குற்ற விசாரணை நடக்கிறது, ரகசியம் காக்க வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். இந்தக் குழப்பம் இன்றும் பல நாடுகளில் உண்டு. சந்தேக நபரின் பெயரை மறைப்பது விசாரணைக்குத் தேவை. முட்டையில் எந்த நச்சு, எவ்வளவு, எந்தப் பண்ணை எண் என்பதை மறைப்பதால் விசாரணைக்கு எந்த லாபமும் இல்லை. இரண்டையும் பிரித்து அனுப்பியிருக்கலாம்.

அந்த முட்டையையே கையில் எடுத்துப் பாருங்கள். ஐரோப்பாவில் ஓட்டின் மேல் முத்திரை இருக்கும். முதல் இலக்கம் 0 முதல் 3 வரை, கோழி வளர்த்த முறை. அடுத்து நாட்டின் இரண்டெழுத்து, நெதர்லாந்து என்றால் என்எல். பிறகு பண்ணையின் எண். இது தெரிந்தால் வீட்டிலிருப்பவர்கூட குளிர்பெட்டியைத் திறந்து தன் முட்டையைச் சரிபார்த்துவிடலாம். அதே முட்டை உடைந்து மயோனைஸ் ஆகிவிட்டால் எண்ணும் ஓட்டோடு போய்விடும். தாமதத்தின் விலை இதுதான்: ஒவ்வொரு நாளும் பொருள் ஒரு கை மாறுகிறது, ஒவ்வொரு கையிலும் அடையாளம் கொஞ்சம் அழிகிறது.

உலக சுகாதார அமைப்பின் 2005 சர்வதேச சுகாதார ஒழுங்குவிதிகள் இதற்குக் கெடு வைத்திருக்கின்றன. அவசர நிகழ்வைப் பற்றிய தகவல் தேசிய மட்டத்துக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் மதிப்பிட வேண்டும். சர்வதேச அக்கறைக்குரியதாக இருக்கலாம் என்று தெரிந்தால் அடுத்த 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். "இருக்கலாம்" என்பதே போதும். ஆய்வகத்தின் இறுதி அறிக்கையை அந்த விதி கேட்கவில்லை.

ஆய்வக முடிவைத் தவறாகப் படிப்பது

ஜெர்மனியின் பாடம் இரண்டு பக்கமும் வெட்டுகிறது. வெள்ளரிக்காயில் கிருமி கிடைத்தது, ஆனால் அது காரணமில்லை. வெந்தயத்தில் அந்தக் கிருமி கிடைக்கவே இல்லை, ஆனால் அதுதான் காரணம் என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். 15,000 கிலோ கொண்ட ஒரே லாட், அதாவது ஒரே அடையாள எண்ணில் வந்த சரக்குத் தொகுதி. அதில் வெறும் 75 கிலோ லோயர் சாக்சனியில் முளைப்பயறு தயாரிக்கும் ஒரு பண்ணைக்குப் போனது. இன்னொரு பங்கு இங்கிலாந்தில் 50 கிராம் பாக்கெட்டுகளாகி, பிரான்சில் விற்பனையாகி, போர்தோ அருகே தனியாக ஒரு நோய்க்கூட்டத்தை உண்டாக்கியது. இரண்டு நாடுகளின் விற்பனைப் பதிவேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் பொதுவான லாட் புலப்பட்டது. ஒரு நாட்டின் கணக்கு மட்டும் இருந்திருந்தால் முடிச்சு அவிழ்ந்திருக்காது.

எனவே "மாதிரியில் கிருமி இல்லை, சரக்கு சுத்தம்" என்று எழுதாதீர்கள். எத்தனை மாதிரி, ஒவ்வொன்றும் எவ்வளவு எடை, எந்த முறை என்று எழுதுங்கள். சால்மோனெல்லா என்றால் "25 கிராம் வீதம் 5 மாதிரி, அவற்றில் 1-இல் கிருமி உண்டு" என்பது தகவல். கிருமி கிடைத்தாலும் நோயாளியிடம் எடுத்த கிருமியோடு மரபணு வரிசை பொருந்துகிறதா என்று பார்க்கும்வரை, "வகை ஒப்பீடு நிலுவையில்" என்ற மூன்று சொல்லையும் சேர்க்க வேண்டும். ஹாம்பர்க் அறிவிப்பில் இந்த மூன்று சொல் அழுத்தமாக இருந்திருந்தால், ஸ்பெயின் விவசாயிக்கு அந்த அடி விழுந்திருக்காது.

நோயாளி சொல்வதை மட்டும் நம்பியிருப்பதும் ஆபத்து. அந்த ஜெர்மன் ஆய்வு ஒன்றில் நாலில் ஒரு நோயாளிக்குத்தான் முளைப்பயறு தின்ற நினைவு இருந்தது. சாலட்டின் மேல் தூவியதை யார் ஞாபகம் வைத்திருப்பார்? உணவகத்துச் சமையல்காரரிடம் எந்தத் தட்டில் என்னென்ன போட்டார் என்று கேட்ட பிறகே விடை கிடைத்தது.

விளைந்த நாட்டையே குற்றவாளி ஆக்குவது

2023-இல் அமெரிக்காவில் குழந்தைகள் உண்ட ஆப்பிள் கூழ் பைகளில் ஈயம் மிக அதிகமாக இருந்தது. அதில் கலந்த இலவங்கப்பட்டைத்தூள்தான் வழி. பட்டை இலங்கையிலிருந்து போனது. ஆனால் அரைக்காத பட்டையைச் சோதித்தபோது ஈயக் கலப்பு இல்லை; ஈக்வடாரில் அரைத்துத் தூளாக்கிய இடத்தில்தான் கலப்பு நடந்திருக்கும் என்று அந்நாட்டு அதிகாரிகளும் அமெரிக்க அதிகாரிகளும் கூறினார்கள். எச்சரிக்கை எழுதும்போது விளைந்த நாடு, பதப்படுத்திய நாடு, பொட்டலமிட்ட நாடு, அனுப்பிய நாடு என நான்கையும் தனித்தனி வரியில் எழுதுங்கள். ஒரே வரியில் "பிறப்பிடம்" என்று போட்டால் பழி முதல் ஆளின் தலையில் விழும்.

எண்ணை மட்டும் அனுப்பி, அதன் பொருளை விட்டுவிடுவது

2020 செப்டம்பரில் இந்திய எள்ளில், கிருமி கொல்லப் புகையூட்டும் வாயுவான எத்திலீன் ஆக்சைடு இருப்பதாகப் பெல்ஜியம் எச்சரித்தது. அதன்பின் ஐரோப்பாவெங்கும் எள் கலந்த பொருள்கள் திரும்பப் பெறப்பட்டன. ஐரோப்பிய வரம்பு எள்ளுக்குக் கிலோவுக்கு 0.05 மில்லிகிராம். அந்த எண் எத்திலீன் ஆக்சைடை மட்டும் குறிப்பதில்லை. அது சிதைந்து உண்டாகும் 2-குளோரோஎத்தனாலையும் 0.55-ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். உங்கள் ஆய்வக அறிக்கையில் "எத்திலீன் ஆக்சைடு: கண்டறியப்படவில்லை" என்று இருக்கலாம். அதே மாதிரியில் 2-குளோரோஎத்தனால் 0.1 மில்லிகிராம் இருந்தால் கணக்கு 0.055 ஆகிறது, சரக்கு தடைபடுகிறது. அமெரிக்காவிலோ இரண்டுக்கும் தனித்தனி வரம்பு, அதுவும் மசாலாவுக்குப் பல மடங்கு அதிகம். எனவே முடிவோடு எந்தச் சேர்மம், எந்த வரையறை, எந்த அலகு, கண்டறியும் கீழ்வரம்பு எவ்வளவு என்பதும் போக வேண்டும். மில்லிகிராமும் மைக்ரோகிராமும் இடம் மாறினால் ஆயிரம் மடங்கு பிழை.

தேதியிலும் இதே வம்பு. 03/04/2024 என்றால் நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. மாதத்தை எழுத்தில் எழுதுங்கள்.

செயல்பட முடியாத செய்தி

"உங்கள் நாட்டுக்கு அனுப்பிய மிளகாய்த்தூளில் சால்மோனெல்லா இருக்கலாம், நடவடிக்கை எடுக்கவும்." இதை வைத்துக்கொண்டு கிடங்கில் நிற்கும் ஆய்வாளர் எந்த அட்டைப்பெட்டியைத் தூக்குவார்? அவருக்கு வேண்டியவை: பொட்டலத்தில் அச்சிட்டபடியே பொருளின் பெயர், பிராண்ட், எடை, லாட் எண், அது எங்கே அச்சாகியிருக்கிறது என்பது (மூடியிலா, அடியிலா, பின்மடிப்பிலா), காலாவதித் தேதி, பார்கோடு, எத்தனை பெட்டி, எந்தக் கப்பல் ரசீது, வாங்கியவரின் முழு முகவரி, முன்பக்கம், பின்பக்கப் புகைப்படம். வாங்கியவர் வேறு நாட்டுக்கு விற்றிருந்தால் அந்த நாட்டுக்கும் அதே நாளில் செய்தி.

யாருக்கு அனுப்புவது என்பதிலும் பிழை நடக்கிறது. உலக சுகாதார அமைப்பும் உணவு வேளாண்மை அமைப்பும் 2004-இல் தொடங்கிய இன்ஃபோசான் என்னும் உணவுப் பாதுகாப்பு வலையமைப்பில் ஒவ்வொரு உறுப்பு நாட்டுக்கும் அவசரத் தொடர்பு மையம் உண்டு. தூதரகத்துக்கோ மாநாட்டில் அறிமுகமான நண்பருக்கோ அனுப்பிய மின்னஞ்சல் அந்த மையத்துக்குப் போய்ச் சேரும் என்று எண்ண வேண்டாம். ஏற்றுமதியாளர் நேரே இன்ஃபோசானுக்கு எழுத முடியாது. தன் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு, இந்தியாவில் எஃப்எஸ்எஸ்ஏஐக்கு, முதலில் சொல்லிவிட்டு, வாங்கியவருக்கும் சொல்ல வேண்டும். தொடர்பு எண்ணை ஒரு சனிக்கிழமை இரவு அழைத்துப் பாருங்கள். யாரும் எடுக்காவிட்டால், மாற்று எண்ணைத் திங்கட்கிழமையே பதிவு செய்யுங்கள்.

திருத்தத்தை அனுப்ப மறப்பது

2013 ஆகஸ்ட் தொடக்கத்தில் நியூசிலாந்து மோர்ப்புரதத் தூளில் பொட்டுலிசம் என்னும் கொடிய நச்சு நோயை உண்டாக்கும் கிருமி இருக்கலாம் என்று உலகெங்கும் எச்சரிக்கை போனது. குழந்தைகளின் பால்மாவு பல நாடுகளில் அலமாரியிலிருந்து இறங்கியது. ஆகஸ்ட் 28 அன்று மறுசோதனை முடிவு வந்தது: அது அந்த நச்சை உண்டாக்காத, அதன் உறவுக்காரக் கிருமியான கிளாஸ்ட்ரிடியம் ஸ்போரோஜீன்ஸ். முதல் எச்சரிக்கையைத் தவறு என்று சொல்ல மாட்டோம். குழந்தை உணவில் அந்தச் சந்தேகம் வந்தால் காத்திருக்கக் கூடாது. ஆனால் எச்சரிக்கை போன ஒவ்வொரு முகவரிக்கும், அதே குறிப்பு எண்ணோடு, எது மாறியது, எது அப்படியே இருக்கிறது என்று திருத்தமும் போக வேண்டும். அதற்காக முதல் செய்தி அனுப்பும்போதே பெறுநர் பட்டியலைத் தனிக் கோப்பில் சேமித்து, செய்திக்கு 1, 2, 3 என வரிசை எண் கொடுங்கள். 4-ஆம் எண் கையில் வந்தவர் 3 வரவில்லை என்று கேட்டு வாங்கிக்கொள்வார்.