மலைக்குளிரில் படுக்கை நோயாளியைப் பார்த்துக்கொள்ளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பக்கவாதம் வந்தோ முதுகுத்தண்டு அடிபட்டோ மாதக்கணக்கில் படுத்திருப்பவருக்கு ஊட்டி, குன்னூர், கோத்தகிரி வீடுகளில் நேரும் கேடுகளில் பல அக்கறையினாலேயே வருபவை. குளிர் தாக்கிவிடக் கூடாதே என்று செய்வதுதான் புண்ணாகவும் தீக்காயமாகவும் முடிகிறது.

முதலில் கரி அடுப்பு. கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டுக் கட்டிலருகே அதை வைத்துத் தூங்குவது உயிரையே எடுக்கும். புகை அடங்கிக் கங்கு மட்டும் சிவந்திருந்தால் பயமில்லை என்று பலர் நம்புகிறார்கள். அந்தக் கங்கிலிருந்துதான் கார்பன் மோனாக்சைடு வருகிறது. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி, குமட்டல் என்று நாம் எழுந்து வெளியே போவோம். பேசவோ புரளவோ முடியாதவர் என்ன செய்வார்? அவருக்குக் குல்லா, இறுக்கமில்லாத சாக்ஸ், மேலே கம்பளி போதும். ஆக்சிஜன் கொடுக்கும் அறையில் சாம்பிராணி உட்பட எந்த நெருப்பும் கூடாது.

சுடுநீர்ப் பையைக் காலடியில் வைத்துவிட்டுப் போவதும் அப்படித்தான். நீரிழிவாலோ வாதத்தாலோ மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாது. காலையில் கொப்புளம்தான் தெரியும். பையால் படுக்கையைச் சூடாக்குங்கள், பையை எடுத்துவிடுங்கள், பிறகு படுக்க வையுங்கள்.

படுக்கைப் புண்தான் நிறையப் பேரைத் தோற்கடிக்கிறது. காற்றுப் படுக்கை வாங்கியாயிற்று, இனிப் புரட்ட வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றியே ஆக வேண்டும். காற்றுப் படுக்கை இருந்தால் இரவில் இடைவெளியைக் கூட்டலாமா என்பதை, தோலைப் பார்த்துச் செவிலியர் சொல்லட்டும். குளிருக்காக அந்தப் படுக்கையின் மேல் இரண்டு மூன்று கம்பளி மடித்துப் போட்டால் காற்று ஏறி இறங்குவது உடம்புக்கு எட்டாது. வாங்கிய பணமும் வீண். கீழே ஒரே ஒரு பருத்தி விரிப்பு, சுருக்கமில்லாமல். கம்பளி எல்லாம் மேலேதான்.

ஒருக்களிக்கும்போது முழுப் பக்கமாகச் சாய்த்தால் எடை முழுவதும் இடுப்பு எலும்பில் இறங்கும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி அளவுக்குச் சாய்த்தால் போதும். முழங்கால்களுக்கு நடுவே ஒன்று, கெண்டைக்காலுக்குக் கீழே ஒன்று. குதிகால் எதிலும் படாமல் தொங்க வேண்டும். மேலே நகர்த்தக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். இடுப்புக்கடியில் குறுக்கே ஒரு துணி போட்டு, இருவர் இரு பக்கமும் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள்.

குளிரென்று நாள் முழுக்கப் போர்த்தியே வைத்தால் முதுகை யாரும் பார்ப்பதில்லை. தினமும் ஒருமுறை வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் புண் தொடங்கிவிட்டது. கருத்த தோலில் சிவப்பு தெரியாது. அந்த இடம் மட்டும் சூடாக, கெட்டியாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அங்கே எண்ணெய் போட்டுத் தேய்ப்பது, ஸ்பிரிட் தடவுவது, வளையத் தலையணை வைப்பது மூன்றுமே புண்ணைப் பெரிதாக்கும்.

சிறுநீர்க் குழாய் போட்டவருக்கு இந்த ஊரில் ஒரு தனிச் சிக்கல்: பையையும் கம்பளிக்குள் சேர்த்துச் சுருட்டிவிடுகிறார்கள். சிறுநீர்ப்பைக்குச் சமமாகப் பை இருந்தால் சிறுநீர் இறங்காது. தேங்கினால் தொற்று, காய்ச்சல். கட்டில் சட்டத்தில், இடுப்புக்குக் கீழே, தரையில் படாமல் தொங்கட்டும். முக்கால் பங்கு நிரம்புமுன் காலி செய்யுங்கள். குளிரில் தாகமும் எடுக்காது. கேட்டால் கொடுக்கலாம் என்றிருந்தால் சிறுநீர் மஞ்சளாகிக் கலங்கும், மலம் கட்டும். இதய, சிறுநீரகக் கோளாறுக்காக மருத்துவர் அளவு குறைத்திருந்தால் தவிர, வெதுவெதுப்பான நீராகவோ கஞ்சித் தண்ணீராகவோ நேரம் வைத்துக் கொடுங்கள்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி சில்லிட்ட விரலில் குறைத்துக் காட்டும். கையைச் சூடாக்கி, ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். சூடாக்கிய பிறகும் வழக்கத்தைவிடக் குறைவாக இருந்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே 108தான்.

இன்சுலினைப் பிரிட்ஜில் ஐஸ் தட்டை ஒட்டி வைக்க வேண்டாம். உறைந்துபோனால் உருகிய பிறகும் பயன்படாது. பயன்பாட்டில் உள்ள மருந்துக் குப்பி இந்தக் குளிரில் அறையிலேயே நான்கு வாரம் இருக்கலாம். ஆனால் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மேட்டுப்பாளையத்து வெயிலில் காருக்குள் விட்டுவிடாதீர்கள்.

அந்தப் பயணத்திலும் ஒரு பிழை நடக்கிறது. வழியில் பசிக்குமே என்று கிளம்பும் முன் மூக்குக் குழாயில் வயிறு நிறையக் கொடுத்துவிடுகிறார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போகும். இரண்டு மணி நேரம் முன்பே கொடுத்து முடித்து, தலைப்பக்கம் உயர்த்தியே அழைத்துச் செல்லுங்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபடும் ஊர் இது. வலிப்பு, பார்க்கின்சன் மாத்திரைகள் திடீரென நின்றால் ஆபத்து. 15 நாள் மருந்து எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

நோயாளிக்கு ஒரு கை வேலை செய்தால் அந்தக் கையால் அவரே சாப்பிடட்டும், சிந்தினாலும் சரி. அவசரத்தில் நாமே ஊட்டிவிட்டால் இருக்கிற பலமும் போய்விடும். அவர் எதிரிலேயே அவரைப் பற்றி மற்றவரிடம் பேசுவதையும் விட வேண்டும். பேச்சு போனவருக்குப் பெரும்பாலும் காது நன்றாகவே கேட்கும்.

எல்லாவற்றையும் ஒருவர் தலையில் கட்டுவது, அதுவும் பெரும்பாலும் மனைவி அல்லது மருமகள் தலையில், நோயாளிக்கும் கேடுதான். இரவு முழுக்கப் புரட்டிவிட்டுக் காலையில் தோட்ட வேலைக்குப் போகிறவரால் எத்தனை மாதம் தாங்க முடியும்? ஒரு மணி வரை ஒருவர், அதன் பிறகு இன்னொருவர் என்று பிரியுங்கள். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து (வரிசை) வீடுகளில் கட்டில் தாழ்வாக இருக்கும். ஆடாத மரக்கட்டைகளை அடியில் கொடுத்து, பார்த்துக்கொள்பவரின் இடுப்பு உயரத்துக்கு ஏற்றினால் அவர் முதுகு பிழைக்கும். அப்படி ஏற்றினால் விழாமலிருக்கப் பக்கத் தடுப்பு கட்டாயம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய்த்தணிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கே வருகிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். மாத்திரை நேரம், கடைசியாகப் படுத்த பக்கம், மலம் போன நாள், குழாய் மாற்ற வேண்டிய தேதி நான்கையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால், ஊரிலிருந்து வரும் அத்தையோ தம்பியோ இரண்டு நாள் பொறுப்பேற்றுக்கொள்ளலாம்.